ஆரஞ்சு டீயும் திரட்டுப்பாலும்

ரெண்டு மூணு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. தையிலயும் மாசியிலயும் மஞ்சள் வேலை. வெட்டி, வேகவெச்சு, காயப் போட்டு, மண்டிக்கு அனுப்பி முடிச்ச கையோட பங்குனியில பத்து நாள் பாங்காக் போயிட்டு வந்தேன். கோபியைத் தாண்டினா பழனி, அதையும் தாண்டினா சென்னைன்னு இருந்த ஆளு பாங்காக் போனேன்னா உங்களுக்குச் சிரிப்பு வரும். பையன் அங்க இருக்கானுங்க.

சீலோம்னு ஒரு ரோடு. அதுல நம்ம தமிழாளுங்க நூறு வருசத்துக்கும் முன்னாடியே கட்டின மாரியம்மன் கோயில் ஒண்ணு இருக்கு. அதுக்குப் பக்கத்துச் சந்துல ஒரு இந்தியச் சாப்பாட்டுக் கடையில பையன் மாஸ்டர். போயி ஆறு வருசம் ஆச்சு. போறப்பச் செலவுக்குப் பணம் பத்தாம ஒரு சினைமாட்டை வித்துக் குடுத்தேன். ஊரைச் சுத்திப் பாக்கப் போறேன்னு இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் கிளம்பினேன். அது பொய். எனக்கு 56 முடிஞ்சுது, முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு, மூணரை ஏக்கரும் ரெண்டு கறவையும் இனி என் ஒருத்தனால ஆகாது. அவனைக் கையோட கூட்டிட்டு வந்துரணும்னுதான் போனேன்.

ஆனா இன்னைக்கு எழுத உக்காந்தது ஒரு டீயைப் பத்தி. ரெண்டு கதையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்கிச்சு. பிரிச்சு எழுத எனக்குத் தெரியலைங்க.

போன அன்னைக்கு மத்தியானம். வெயில் நம்ம ஊரு வெயிலுக்குக் கொறஞ்சதில்ல, ஒடம்பெல்லாம் கசகசன்னு இருந்துச்சு. "ஒரு டீ குடிக்கலாம் கண்ணு"ன்னேன். அவன் ரூமுக்குக் கீழயே சின்னதா ஒரு கடை. எழுபது வயசு மதிக்கிற ஒரு அம்மா நின்னுட்டு இருந்தாங்க. பையன் கடைக்கு முன்னாடி போயி, "பா!"ன்னு கூப்பிட்டான்.

"என்ன கண்ணு?"ன்னு நான் திரும்பினேன்.

அவனுக்குச் சிரிப்பு வந்துருச்சு. "உங்களை இல்லைங்கப்பா. இங்க பான்னா பெரியம்மா. அவங்களைக் கூப்பிட்டேன்."

ஆறு வருசமாப் போன்லயே கேட்ட கூப்பாடு. பக்கத்துல நின்னு கேக்கறப்ப அது வேற ஆளுக்குப் போச்சு. நான் ஒண்ணும் சொல்லல.

அப்புறம் என்னமோ "வான் நொய்"னு சொன்னான். நொய்யின்னா நமக்குத் தெரிஞ்சது நொய்யரிசி. அங்க அதுக்குக் கொஞ்சம்னு அர்த்தமாம், வான்னா இனிப்பு. எனக்குச் சக்கரை இருக்கறதால இனிப்பைக் கொறச்சுப் போடச் சொல்லியிருக்கான். கொறச்சுப் போட்டும் அது நம்ம டீயை விட இனிப்புத்தான்.

வந்தது கண்ணாடி கிளாஸ்ல, வாய் வரைக்கும் பொடி ஐஸ். அதுக்குள்ள கனகாம்பரப் பூ நிறத்துல டீ. மேல ஊத்தின பால் வெள்ளை வெள்ளையாக் கோடு விட்டுக் கீழ இறங்கிட்டு இருந்துச்சு. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. குடிச்சா முதல்ல இனிப்பு, அப்புறம் ஐஸ்கிரீம் வாசம் மாதிரி வெனிலா, கடைசியா நல்லா அழுத்தமான டீயோட கசப்பு. பேரு 'ஷா யென்'. ஷான்னா டீ, யென்னா குளிர்ச்சி, அவ்வளவுதான். 'ஷா நோம் யென்'னும் சொல்வாங்களாம், நோம்னா பால். பால் இல்லாம வெறும் டிக்காஷன்ல போட்டா 'ஷா டம் யென்', எலுமிச்சம்பழம் பிழிஞ்சா 'ஷா மனாவ்'.

"என்ன பாலு இது?"ன்னு கேட்டேன்.

"டின் பாலுங்கப்பா."

"டின்னா? இந்த ஊர்ல மாடே இல்லியா?"

விலை 30 பாட். அப்ப நம்ம காசுக்கு 75 ரூபாய்க்குக் கிட்ட வந்துச்சு. சொசைட்டியில எனக்கு லிட்டருக்குக் கிடைக்கிறது 35 சொச்சம். ரெண்டு லிட்டர் பால் காசைக் குடுத்து டின்னை வாங்கிக் குடிக்கிறீங்களே, உங்கம்மா கறந்த பால்ல வளந்தவன்தானே நீன்னு கடை முன்னாடியே ஏதேதோ பேசிட்டேன். அவன் காசைக் குடுத்துட்டு மேல கூட்டிட்டுப் போனான். சாயங்காலம் வேலைக்குப் போயிட்டான்.

அந்த ஊரு நேரம் நமக்கு ஒன்றரை மணி முன்னால. இங்க கறக்க எந்திரிக்கிற நாலு மணிக்கு அங்க அஞ்சரை. முழிப்பு வந்துருச்சு, கறக்கத்தான் மாடு இல்ல. பையன் ராத்திரி ஒரு மணிக்கு வந்து படுத்தவன், எழுப்ப மனசு வரல. கீழ இறங்கிப் போயி அந்தம்மா கடை ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டேன். அவங்க பேசறது எனக்குப் புரியாது, நான் பேசறது அவங்களுக்குப் புரியாது. அவங்க பாட்டுக்கு வேலை பாத்தாங்க, நான் பாட்டுக்குப் பாத்துட்டு இருந்தேன். நாலஞ்சு நாள் அப்படிப் பாத்ததுல அந்த டீ எப்படிப் போடறதுன்னு எனக்கு மனப்பாடம் ஆயிருச்சு.

நம்ம ஊரு பழைய டீக்கடையில துணிப்பை வெச்சு வடிகட்டுவாங்களே, அதே பைதான். கொஞ்சம் நீளமா காலுறை மாதிரி இருக்கும், வாயில கம்பி வளையம், கைப்பிடி. அதுல கை நிறையத் தூளைப் போட்டுக் கொதிக்கிற தண்ணியை ஊத்துறாங்க. கீழ இருக்கிற தகரக் குவளையில இறங்கின டிக்காஷனை எடுத்து மறுபடியும் தூள் மேல ஊத்துறாங்க. இப்படி ரெண்டு மூணு தடவை. அப்புறம் பையை டிக்காஷனுக்குள்ளயே அஞ்சு நிமிசம் ஊற விடறாங்க. அது நம்ம டீயை விட ரொம்பக் கெட்டியா இருக்கும். அப்படியே குடிச்சா வாய் கட்டிரும். ஐஸ் கரைஞ்சு தண்ணி ஆகும்ல, அதுக்குச் சேத்துத்தான் அவ்வளவு கெட்டி.

சூடா இருக்கறப்பவே சக்கரையும் கெட்டி டின் பாலும் போட்டுக் கலக்கிடணும். ஆறிப் போச்சுன்னா டின் பால் அடியில உக்காந்துரும். கிளாஸை ஐஸால ரொப்பி, அது மேல இந்தச் சூட்டை ஊத்தி, கடைசியா இன்னொரு டின்ல இருந்து தண்ணியா இருக்கிற பாலைக் கொஞ்சம். ஆக ரெண்டு டின். ஒண்ணு இனிப்புப் போட்ட கெட்டிப் பால், நம்ம பாயசத்துக்கு வாங்கறமே அந்த வகை. இன்னொண்ணு இனிப்பு இல்லாமப் பாதிக்கு மேல தண்ணியைச் சுண்ட வெச்ச பால். பார்சல் கேட்டா பிளாஸ்டிக் பையில ஐஸோட ஊத்தி, ரப்பர் பேண்ட் சுத்தி, ஸ்ட்ரா போட்டு கையில மாட்டி விட்டுருவாங்க. அதைப் பாக்கறப்ப நம்ம பார்சல் டீ ஞாபகம் வந்துச்சு.

நாலாவது நாளோ அஞ்சாவது நாளோ, பையனுக்குன்னு எங்கூட்டுல செஞ்சு குடுத்த திரட்டுப்பால் டப்பாவைக் கீழ எடுத்துட்டுப் போனேன். தினமும் அந்தம்மா எனக்கு முதல் டிக்காஷன்ல ஒரு சின்ன கிளாஸ் சுடச்சுடக் குடுப்பாங்க, காசு வாங்க மாட்டாங்க. பதிலுக்கு நாமளும் ஏதாச்சும் குடுக்கணுமில்லிங்களா. எங்க செவலையோட பாலு, நாலு லிட்டரை அடுப்புல நின்னு கிளறிக் கிளறிச் சுண்ட வெச்சு, வெல்லத்துக்குப் பதிலாச் சக்கரை போட்டது. டின் பால்காரங்களுக்கு நெசமான பால்னா என்னன்னு காட்டணும்னு எனக்குள்ள ஒரு திமிரும் இருந்துச்சு, மறைக்கல.

அவங்க ஒரு விரல் எடுத்து வாயில வெச்சாங்க. கண்ணை மூடித் தொறந்தாங்க. சிரிச்சுட்டு, "நோம் கோன்!"ன்னாங்க. எனக்குப் புரியல. பலகை மேல இருந்த டின்னை எடுத்துக் காட்டி மறுபடியும், "நோம் கோன், நோம் கோன்"னாங்க.

பையன் பத்து மணிக்கு இறங்கி வந்தவன்கிட்டக் கேட்டேன். நோம்னா பால், கோன்னா கெட்டி. அந்த டின் பாலுக்கு அதுதான் பேரு. எங்கூட்டுல செஞ்ச திரட்டுப்பாலைத் தின்னுட்டு, இது டின் பாலுன்னு சொல்லியிருக்காங்க.

முதல்ல சுருக்குன்னுதான் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சுப் பாத்தா அவங்க சொன்னதுல தப்பென்ன? பாலு கெட்டுப் போகக் கூடாதுன்னு நாம வாணலியில சுண்ட வெச்சுச் சக்கரை போடறோம். அமெரிக்காவுல கெயில் போர்டன்னு ஒருத்தர் அதையே காத்தை உறிஞ்சின பாத்திரத்துல கம்மிச் சூட்டுல சுண்ட வெச்சு, 1856ல காப்புரிமை வாங்கி, அப்புறம் டின்ல அடைச்சு வித்தார். வேலை ஒண்ணுதான். டப்பாதான் வேற. தூரமாப் போற பையனுக்கு எங்கூட்டுல பாலைக் குடுத்து விடலியே, திரட்டுப்பாலைத்தானே குடுத்து விட்டா.

அதுக்கப்புறம் அந்த டீயில என்னென்ன இருக்கு, எது எங்கிருந்து வந்துச்சுன்னு பையனைக் கேக்க ஆரம்பிச்சேன். அவனும் அந்தம்மாவைக் கேட்டு, போன்ல தேடிப் பாத்துச் சொன்னான்.

தாய்லாந்துக்கு வடக்கே மலையில தேயிலை ரொம்பக் காலமா இருக்கு. ஆனா அந்த ஜனங்க அதைக் காய்ச்சிக் குடிக்கல. இலையை வேகவெச்சுப் புளிக்க விட்டு, வெத்தலை மாதிரி வாயில அடக்கி மென்னாங்க. அதுக்கு மியாங்னு பேரு. டீயைக் குடிக்கிற பழக்கம் பாங்காக்ல பரவினது கப்பலேறி வந்த சீனாக்காரங்களால. இந்தம்மாவோட தாத்தாவும் அப்படி வந்தவருதான். சைனா டவுன்னு சொல்ற யாவராத்துல ஒரு சீனக் குடும்பம் டீக்கடை வெச்சிருந்தாங்க. அந்த வெயிலுக்குச் சூட்டு டீயை யாரு குடிப்பா? ஐஸ் போட்டுக் குடிக்கிற மாதிரிச் செவப்பு டீத்தூளுக்கு மாறினாங்க. 1945ல அவங்க ஆரம்பிச்ச பிராண்டுதான் சாத்ராமுவே. முவேன்னா கை. பாக்கெட்ல கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுற கை இருக்கும், நம்ம ஊரு கைச் சின்னம் இல்லைங்க. அந்தம்மா கடையிலயும் அந்தப் பாக்கெட்தான்.

இந்த டீக்குச் சிலோன் தூளும் போடுவாங்க. அந்தத் தேயிலையைக் கிள்ளினது நம்ம சனங்கதான்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. சிலோன் தூள் விலை ஜாஸ்தி, அதனால வடக்கு மலையில விளையற இலையைப் போட்டுக் கலரும் வாசமும் சேத்துக்கறாங்க. கனகாம்பர நிறம் தேயிலையோடது இல்லைங்க, சன்செட் யெல்லோங்கற சாயம். வெனிலா வாசமும் தூள்லயே கலந்து வருது. நம்ம நாட்டுல டீத்தூள்ல சாயம் சேத்தா அது கலப்படம். ஈரத்தாள்ல தூளைத் தூவினா திட்டுத் திட்டாக் கலர் இறங்கும், கண்டுபிடிச்சுரலாம். அங்க அது பாக்கெட் மேலயே அச்சடிச்சு வருது. தினமும் குடிக்கிற சாமான் இல்லைன்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க.

ஐஸுக்கு அவங்க பாஷையில 'நாம் கேங்'. கெட்டித் தண்ணின்னு அர்த்தம், கேட்ட உடனே எனக்குப் புடிச்சுப் போச்சு. அதுவும் முதல்ல சிங்கப்பூர்ல இருந்து கப்பல்ல அரமனைக்கு வந்ததாம். போன நூற்றாண்டு ஆரம்பத்துல நைலெர்ட்னு ஒரு வியாபாரி பாங்காக்ல முதல் ஐஸ் ஃபேக்டரி போட்டார். அதுக்கப்புறம்தான் சாதாரண சனத்துக்கும் ஐஸ் கிடைச்சுது. தெக்கே மலேசியா எல்லைப் பக்கம் போனா டீயை நம்ம மாஸ்டர் மாதிரித் தூக்கி ஆத்துறாங்க, 'ஷா சாக்'னு பேரு. மலேசியாவுல நம்ம தமிழ் முஸ்லிம் கடைக்காரங்க ஆத்துற தே தாரிக்கும் அதுவும் ஒரே வழிதான்.

அப்ப மாடு? அந்த ஊர்ல அந்தக் காலத்துல மாடும் எருமையும் உழவுக்கும் வண்டிக்கும்தான். கறந்து குடிக்கிற பழக்கம் சனங்களுக்கு அப்ப இல்ல. அவங்க சமையல்ல பாலுன்னா தேங்காய்ப்பால். பூமிபோல் ராஜா 1960ல டென்மார்க் போனவரு அங்க பால் பண்ணைகளைப் பாத்துட்டு வந்தாரு. டென்மார்க்காரங்க ஒத்தாசையில 1962 ஜனவரியில மோக் லெக்னு ஒரு ஊர்ல பண்ணை ஆரம்பிச்சாங்க. ரெண்டு நாட்டு ராஜாவும் வந்து திறந்து வெச்சாங்களாம். டின் பால் டீ அதுக்கு ரொம்ப முன்னாடியே ஊரெல்லாம் ஓடிட்டு இருந்துச்சு. மாடே இல்லியான்னு நான் அன்னைக்குக் கடை முன்னாடி கத்தினதுக்குப் பதில் இதுதான்.

பையனுக்கு லீவு கிடைச்ச அன்னைக்கு அந்தப் பண்ணைக்குக் கூட்டிட்டுப் போனான். ரயில்ல 150 கிலோமீட்டர் இருக்கும். அந்தப் பண்ணைப் பாலுக்கு 'வுவா டேங்'னு பேரு, செவப்பு மாடு. டென்மார்க்ல இருந்து வந்த முதல் மாடுங்க செவப்பு. நம்ம செவலைன்னு வெச்சுக்குங்களேன். கட்டுத்தரை, கறவை மெஷின் எல்லாம் பாத்தேன். சாணி வாசம் மூக்குல ஏறினதும்தான் எனக்கு வெளிநாடு போன களைப்பே தீந்துச்சு.

திரும்பி வர்றப்ப ரயில்ல கேட்டேன். "கண்ணு, ஊருக்கு வந்துருவியா?"

கொஞ்ச நேரம் ஜன்னலைப் பாத்துட்டு இருந்தான். "அப்பா, கோவிச்சுக்காதீங்க. ரெண்டு மாட்டையும் மூணரை ஏக்கரையும் வெச்சு நான் என்ன கணக்குப் போடறது, நீங்களே சொல்லுங்க."

போட்டுப் பாத்தேன். 14 லிட்டர் பாலு, 35 ரூபாய், 490. தவுடு, புண்ணாக்கு, தட்டுக்கு 280. மிச்சம் 210. அந்தம்மா கடையில மூணு டீக்குக் காணாது. அதுல எங்க ரெண்டு பேரோட கூலியும் சேத்தி இல்ல. மஞ்சள் ஒரு வருசம் கை தூக்கி விட்டா ரெண்டு வருசம் கீழ தள்ளுது. நான் வாயைத் தொறக்கல.

"இன்னும் நாலு வருசம் இருக்கறேனுங்கப்பா. அப்புறம் வருவேன்னுதான் நினைக்கிறேன். வரலைன்னா என்னைத் திட்டாதீங்க."

சரின்னேன். கூட்டிட்டு வரப் போனவன் சரின்னு சொல்லிட்டு வந்தேன். வந்து மேக்கால ஒன்றரை ஏக்கரைப் பங்காளிக்குக் குத்தகைக்கு விட்டாச்சு. மாட்டுல ஒண்ணைக் குடுத்தரலாமான்னு பேச்சு ஓடுது. எங்கூட்டுல இன்னும் மனசு வரல.

வர்றப்பப் பையன் 400 கிராம் பாக்கெட் ஒண்ணு வாங்கிக் குடுத்தான். போன ஞாயித்துக்கிழமை போட்டுப் பாத்தோம். உங்களுக்கும் அளவு சொல்றேன். ரெண்டு பெரிய கிளாஸுக்கு மூணு கரண்டித் தூள், மேசைக் கரண்டியிலங்க. அதுக்கு ரெண்டு டம்ளர், அதாவது 400 மில்லி, கொதிக்கிற தண்ணி. அஞ்சு நிமிசம் ஊறணும். ரெண்டு கரண்டிச் சக்கரை, மூணு கரண்டிக் கெட்டிப் பால், சூட்டுலயே கலக்கிடணும். கிளாஸ் நிறைய ஐஸ். மேல ஊத்தற அந்த இனிப்பில்லாத டின் நம்ம ஊர்ல லேசுல கிடைக்காது. ஒரு லிட்டர் பசும்பாலைச் சின்னத் தீயில 400 மில்லி ஆகற வரைக்கும் சுண்ட வெச்சு ஆற வெச்சுக்குங்க, அதே வேலை செய்யும். ஏடு கட்ட விடாமக் கிளறிட்டே இருக்கணும்.

பாக்கெட் இல்லாதவங்க நல்ல டஸ்ட் டீத்தூளோட ஒரு அன்னாசிப்பூ, ஒரு ஏலக்காய் தட்டிப் போட்டு, ரெண்டு சொட்டு வெனிலா விடுங்க. சிலர் புளியங்கொட்டையை வறுத்துத் தட்டிப் போடச் சொல்றாங்க. அந்தம்மா போட்டு நான் பாக்கல. சாயம் வேண்டாம். நிறம் பழுப்பா இருந்தா இருந்துட்டுப் போகுது.

எங்கூட்டுல கிளாஸைத் தூக்கிப் பாத்துட்டு, "இருமல் மருந்து மாதிரி இருக்குதுங்க"ன்னா. குடிச்சு முடிச்சுட்டுக் கிளாஸுல மிச்சம் இருந்த ஐஸையும் மென்னா. அப்பப் பாத்துப் பையன் வீடியோ கால்ல வந்தான். "வான் நொய்யாங்கப்பா?"ன்னு கேட்டான். ஆமான்னு சொன்னேன், அதுவும் பொய்தான். திரட்டுப்பால் சங்கதியை அவங்கம்மாகிட்டச் சொல்லிட்டீங்களான்னு கேட்டான். சொன்னேன். "அந்தம்மாவுக்கு இன்னொரு டப்பா செஞ்சு தரேன், யாராச்சும் அந்தப் பக்கம் போனா குடுத்து விடலாம்"னு நாலு லிட்டர் பாலை ஒதுக்கி வெச்சிருக்கா.

மணி நாலாகப் போகுது, செவலை கத்த ஆரம்பிச்சுட்டா. கறக்கப் போறேனுங்க.